வீடு தேடி வரும் பி.பி., சுகர் பரிசோதனை: நீங்கள் சொல்லும் பதில் எங்கே போகிறது? யார் பார்க்கலாம்?

காலை பத்து மணி. வாசலில் ஒரு குரல். "அண்ணே, பி.பி., சுகர் பார்க்க வந்திருக்கேன். அஞ்சு நிமிஷம்தான்."

பக்கத்துத் தெருவைச் சேர்ந்த பெண்தான். தோளில் ஒரு பை, கையில் போன். வயது கேட்கிறார், 45 என்று பதில் வருகிறது. டேப் வைத்து இடுப்பளவு எடுக்கிறார், 94 சென்டிமீட்டர். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "தினமும் குடிக்கிற பழக்கம் இருக்கா அண்ணே?" என்கிறார்.

வீட்டுக்காரர் உள்ளே திரும்பிப் பார்க்கிறார். கல்லூரி போகும் மகன் ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். எதிர்வீட்டு அம்மா கோலத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த ஒரு பொய்யால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆகிறது. அவருக்கு வர வேண்டிய மதிப்பெண் 5. இப்போது வருவது 4. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் அரசு போட்டிருக்கும் எச்சரிக்கைக் கோடு இருக்கிறது.

உண்மையைச் சொல்லக் கூச்சம், சொன்னால் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். நோய் வருமுன் கண்டுபிடிக்கும் எந்தத் திட்டத்துக்கும் பெரிய எதிரி இந்த இரண்டும்தான். அப்படியென்றால், வாசலில் நாம் சொல்லும் பதில் எங்கே போகிறது? யார் கண்ணில் படும்? சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது?

தேசிய தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ், 30 வயதைக் கடந்தவர்களிடம் களப்பணியாளர்கள் நிரப்பும் படிவம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக 'சிபேக்' என்பார்கள். சமுதாய அளவில் நோய் அபாயத்தைக் கணிக்கும் கேள்விப் பட்டியல் இது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. முதல் பகுதியில் ஆறே கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு.

• வயது: 30 முதல் 39 வரை 1; 40 முதல் 49 வரை 2; 50 முதல் 59 வரை 3; 60-க்கு மேல் 4.
• புகையிலை: எப்போதும் இல்லை என்றால் 0, முன்பு இருந்தது அல்லது எப்போதாவது என்றால் 1, தினமும் என்றால் 2.
• தினமும் மது: ஆம் என்றால் 1.
• இடுப்பளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரை 0, அதிலிருந்து 10 செ.மீ. வரை கூடினால் 1. அதற்கும் மேல் 2.
• உடல் உழைப்பு: வாரத்துக்கு 150 நிமிடங்களுக்குக் குறைவு என்றால் 1.
• பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்கு பி.பி., சர்க்கரை, இதய நோய் இருந்தால் 2.

மொத்தம் 4-ஐத் தாண்டினால், 'இவரை முதலில் பரிசோதனைக்கு வரவழைக்க வேண்டும்' என்று அர்த்தம். 30 வயது கடந்த எல்லோருக்கும் பரிசோதனை உண்டு. மதிப்பெண் கூடினால் முன்னுரிமை கிடைக்கும். அவ்வளவுதான்.

இப்போது நம்ம வாசல்காரர் கணக்குக்கு வருவோம். வயதுக்கு 2, இடுப்புக்கு 1, உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்பதால் 1, தினசரி மதுவுக்கு 1. ஆக 5. மதுவை மறைத்ததும் 4. முன்னுரிமைப் பட்டியலிலிருந்து பெயர் நழுவிவிட்டது.

அடுத்த பக்கம்தான் சிக்கலானது

மார்க் போடும் பகுதி முடிந்ததும் அறிகுறிகள் பற்றிய கேள்விகள் வருகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா, வாயில் ஆறாத புண் இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா என்பவை எல்லோருக்கும்.

பெண்களுக்குத் தனிக் கேள்விகள் உண்டு. மார்பகத்தில் கட்டி இருக்கிறதா? காம்பிலிருந்து ரத்தக் கசிவு உண்டா? மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு இருக்கிறதா? உறவுக்குப் பிறகு ரத்தப்போக்கு இருக்கிறதா?

மார்பகப் புற்றுநோயையும் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் முன்கூட்டியே பிடிக்க இவை அவசியமான கேள்விகள். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் குணப்படுத்திவிட முடிகிற நோய். ஆனால், மாமியார் முன்னால், திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண் இதற்கு 'ஆமாம்' என்று சொல்வாரா?

மனநலம் பற்றியும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்த மாதிரி இருந்ததா என்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். கூட்டினால் 3-க்கு மேல் போனால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதையும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது எத்தனை பேர் வாய் திறந்து சொல்வார்கள்?

இவ்வளவு கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஆம். பி.பி.யும் சர்க்கரையும் வலித்துக்கொண்டு வருவதில்லை. 140/90-ஐத் தாண்டிய ரத்த அழுத்தத்தோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த அன்றுதான் வீட்டுக்கே தெரியவரும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணித்தது. இத்தனை பேரும் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

அதனால்தான் ஆஸ்பத்திரி வீட்டுக்கு வர ஆரம்பித்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டிலேயே பரிசோதனை, வீட்டுக்கே மாத்திரை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை என்று விரிந்த இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். பெரும்பாலும் உள்ளூர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்தத் தாத்தா மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திட்டத்தின் பலமே அதுதான். பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. தெரிந்தவர் என்பதால் கதவு திறக்கிறது. அதே காரணத்தால் வாய் மூடிக்கொள்கிறது.

டாக்டர்கள் இந்தப் பதில்களை வைத்து என்ன செய்கிறார்கள்?

ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் பார்க்கும் டாக்டரால் ஒவ்வொருவரின் வாழ்க்கை வரலாற்றையும் கேட்க முடியாது. யாருக்கு எந்தப் பரிசோதனை, எப்போது தேவை என்று சட்டென்று சொல்லும் கருவிகள் அவருக்கு வேண்டும். சிபேக் அப்படி ஒரு கருவி. இன்னும் சில உண்டு.

சென்னையிலிருந்து உலகுக்குப் போன ஒன்று, இந்திய சர்க்கரை நோய் அபாய மதிப்பெண். டாக்டர் வி.மோகன் தலைமையிலான சென்னை ஆய்வுக் குழு 2005-ல் வெளியிட்டது. வயது, இடுப்பளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற நான்கே விவரங்கள். நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம், ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று பொருள்.

இன்னொன்று, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதுப்பித்த இதய நோய் அபாய அட்டவணை. 40 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கானது. வயது, பாலினம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தால், அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களில் காட்டும்.

அமெரிக்காவில் இதை இன்னும் ஒரு படி முறைப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே 1984-ல் தொடங்கப்பட்ட நோய்த்தடுப்புப் பணிக்குழு ஒன்று இருக்கிறது. 16 நிபுணர்கள் கொண்ட இந்தக் குழு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஏ, பி, சி, டி என்று கிரேடு கொடுக்கிறது. ஏ, பி என்றால் செய்யலாம், பலன் உண்டு. சி என்றால் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டி என்றால் வேண்டாம். ஆதாரம் போதவில்லை என்றால் ஐ. உதாரணத்துக்கு, பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை 50 முதல் 75 வயது வரை ஏ கிரேடு, 45 முதல் 49 வரை பி கிரேடு.

இந்தப் பரிந்துரைகளை டாக்டர்களின் கைக்குக் கொண்டுபோக, அமெரிக்க சுகாதாரத் துறையின் ஓர் ஆய்வு முகமை இலவச ஆப் ஒன்றை உருவாக்கியது. நோயாளியின் வயது, பாலினம், கர்ப்பமா, புகையிலைப் பழக்கம் உண்டா, பாலுறவு வாழ்க்கை உண்டா என்ற விவரங்களைத் தட்டினால் போதும். அந்த நபருக்குப் பொருந்தும் பரிந்துரைகள் கிரேடு வாரியாக வந்து நிற்கும்.

அதில் பெயர் கேட்கும் கட்டமே கிடையாது. போன் நம்பரும் வேண்டாம், முகவரியும் வேண்டாம்.

அப்புறம் நம்ம ஊரில் மட்டும் ஏன் பெயர், ஆதார் எல்லாம்?

இந்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான். அபாயத்தைக் கணக்கிடப் பெயர் தேவையில்லை. 45 வயது, 94 சென்டிமீட்டர், தினசரி மது. கணக்குக்கு இது போதும். அந்த ஆள் முருகனா முஸ்தபாவா என்பது கணக்குக்கு அவசியமில்லை.

ஆனால், கணக்கோடு வேலை முடிவதில்லை. 160/100 என்று பி.பி. காட்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாரா? டாக்டர் மாத்திரை எழுதினாரா? அடுத்த மாதம் மாத்திரை தீர்ந்ததும் வாங்கினாரா? ஆறு மாதம் கழித்து பி.பி. குறைந்ததா? இதையெல்லாம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் ஆள் யாரென்று தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்க ஆப் டாக்டருக்கு வழிகாட்டுகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. தொடர்ந்து கவனிக்கும் வேலையை அங்கே ஆஸ்பத்திரிப் பதிவேடு பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் வாசலுக்கு வரும் போனில் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கிறது. எனவே, 'பெயர் ஏன் கேட்கிறீர்கள்' என்பதைவிட, 'என் பெயரோடு சேர்த்து எதையெல்லாம் வைத்திருக்கிறீர்கள், யாருக்கெல்லாம் அது திறக்கும்' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் சொன்ன பதில் எங்கே போகிறது?

முதலில் களப்பணியாளரின் போனில் பதிவாகிறது. அங்கிருந்து அரசின் சர்வருக்குப் போகிறது. தேசிய அளவில் தொற்றாநோய்களுக்கென்று தனி போர்ட்டல் இருக்கிறது. தமிழ்நாட்டில் மக்கள்தொகை சுகாதாரப் பதிவேடு என்ற மென்பொருளும் பயன்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரும் டாக்டரும் தங்கள் பகுதிப் பட்டியலைப் பார்த்து, யாரை அழைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

இதற்கு நடுவில் 'ஆபா' என்ற பெயரும் காதில் விழுந்திருக்கும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் தரப்படும் 14 இலக்க சுகாதார எண் அது. திட்டம் நாடு முழுக்க 2021 செப்டம்பர் 27-ல் தொடங்கப்பட்டது. இதைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, ஆபா எண் கட்டாயம் இல்லை. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதுதான் கொள்கை.

இரண்டு, எல்லோருடைய ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் குவிவதில்லை. எந்த ஆஸ்பத்திரியில் பரிசோதித்தீர்களோ அங்கேயே ரிப்போர்ட் இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எந்த ரிப்போர்ட், எவ்வளவு நாளைக்கு என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

மூன்று, எண் வேண்டாம் என்று தோன்றினால் அதை முடக்கவோ நீக்கவோ வழி இருக்கிறது.

காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், நடைமுறையில் பலருக்கு எண் உருவாகும் விதத்தில்தான். அவசரத்தில் "ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்பார்கள். நாமும் சொல்லிவிடுவோம். எதற்கு ஓ.டி.பி. என்று கேட்பதில்லை. ஒரு ஓ.டி.பி. சொல்வதும் ஒரு கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று பத்திரப் பதிவில் தெரிந்த நமக்கு, போனில் அது மறந்துவிடுகிறது.

என்ன தப்பு நடக்கலாம்?

கசிவு இரண்டு வகை. பெரிய கசிவு செய்தியாகிறது. சின்னக் கசிவு செய்தியாவதில்லை, ஆனால் வீட்டை நேரடியாகத் தாக்குகிறது.

பெரியவற்றில் சில: 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. பதிவு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட் எல்லாம் நாள்கணக்கில் கையால் எழுதப்பட்டன. 2023 ஜூனில் ஒரு டெலிகிராம் பாட்டில் போன் நம்பரைப் போட்டால் தடுப்பூசி போட்டவரின் விவரம் வருவதாகப் புகார் எழுந்தது. கோவின் தளம் பாதுகாப்பாக இருப்பதாகச் சுகாதார அமைச்சகம் மறுத்தது. பின்னர் இது தொடர்பாகக் கைதும் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 81.5 கோடி இந்தியர்களின் விவரங்கள் இணையத்தின் இருட்டுச் சந்தையில் விற்பனைக்கு வந்திருப்பதாக ஓர் அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது.

சின்னக் கசிவுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா வந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர், தெரு முனையில் தகரத் தடுப்பு, வாட்ஸ்அப் குரூப்பில் பெயர்ப் பட்டியல். நோய் குணமான பிறகும் பால்காரர் வராத வீடுகள் இருந்தன. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தலையிட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர, வீடுகளில் அப்படி போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொன்னது. ஸ்டிக்கருக்குப் பயந்து எத்தனை பேர் காய்ச்சலை மறைத்தார்கள் என்பது அந்தந்தத் தெருவுக்குத்தான் தெரியும்.

பதினைந்து கேரக்டர் பாஸ்வேர்டு போட்டாலும் வாய்வார்த்தையைப் பூட்ட முடியாது. "அந்த வீட்டுப் பெண்ணுக்கு வலிப்பு வருமாம்" என்ற ஒரு வரி, ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் போதுமான ஊர் இது. காசநோய், மனச்சோர்வு, கருப்பைவாய்ப் பரிசோதனை எல்லாமே அந்த ரகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு என்று சொல்வார்களே, அதுதான்.

சில நோய்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. ஹெச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டம் 2017-ன்படி, ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. டாக்டர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன.

பொதுவான சட்டம் என்றால் அது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால், எல்லாம் உடனே அமலாகவில்லை. முக்கியமான கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும் வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

சட்டத்தில் நமக்குச் சாதகமானவை: தகவலைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம். கசிவு ஏற்பட்டால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். நம் சம்மதத்தின் பேரில் கொடுத்த தகவலைப் பார்க்கவும், திருத்தவும், நீக்கச் சொல்லவும் உரிமை உண்டு.

கவனிக்க வேண்டியவை: அரசு ஒரு சலுகையோ சேவையோ தருவதற்காகத் தகவலைக் கையாளும்போது சம்மதம் கேட்பதில் தளர்வு இருக்கிறது. மருத்துவ அவசரம், தொற்றுநோய்க் காலம் ஆகியவற்றுக்கும் அப்படியே. அந்தச் சூழலிலும் தேவையான அளவு மட்டும்தான் தகவல் எடுக்க வேண்டும், பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. இன்னொன்று, உடல்நலத் தகவலை 'கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் ரகம்' என்று இந்தச் சட்டம் தனியாகப் பிரிக்கவில்லை. சுகாதாரத் தகவலுக்கென்று 2018-ல் ஒரு தனி மசோதாவின் வரைவு வெளியிடப்பட்டது. அது சட்டமாகவில்லை.

அமெரிக்காவில் ஒரு காகிதம் தருவார்கள்

அமெரிக்காவில் 1996-ல் வந்த 'ஹிப்பா' சட்டத்தின் கீழ் ஒரு நடைமுறை உண்டு. ஆஸ்பத்திரிக்கு முதல் முறை போனதும் ஓர் அறிவிப்பைக் கையில் தருவார்கள். உங்கள் தகவலை எதற்கெல்லாம் பயன்படுத்துவோம், யாருக்குத் தருவோம், உங்கள் உரிமை என்ன, தப்பு நடந்தால் எங்கே புகார் செய்யலாம் என்று அதில் இருக்கும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியும் வைப்பார்கள்.

500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தால், அந்த ஆஸ்பத்திரியின் பெயரை அரசே பொதுவெளியில் பட்டியலிடும். அங்கே கசிவே நடப்பதில்லை என்று அர்த்தமில்லை, நிறையவே நடக்கிறது. ஆனால், யாரிடம் கசிந்தது என்று ஊருக்குத் தெரிகிறது.

வாசலுக்கு வரும் நம்ம ஊர் பணியாளரின் பையிலும் அப்படி ஒரு பக்கம் தமிழில் இருந்தால் என்ன என்று தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். ஒரு பக்கம், பெரிய எழுத்து, நாலு பதில்: எதற்குக் கேட்கிறோம், எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், தப்பு நடந்தால் யாரிடம் சொல்வது. இதற்குப் பெரிய செலவு ஆகாது.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

• *தனியாகப் பேசலாம் என்று கேளுங்கள்.* "உள்ளே வந்து கேளும்மா" என்றோ, "இந்தக் கேள்விக்குச் சுகாதார நிலையத்தில் சொல்றேன்" என்றோ சொல்லலாம். பொய் சொல்வதைவிட, 'அப்புறம் சொல்கிறேன்' என்பது உங்களுக்கு நல்லது.

• *ஓ.டி.பி. சொல்வதற்கு முன் மெசேஜைப் படியுங்கள்.* எதற்கு வந்திருக்கிறது என்று அதிலேயே இருக்கும். ஆபா எண் வேண்டாம் என்றால், அது இல்லாமலே பி.பி. பார்க்கச் சொல்லலாம்.

• *வந்தவர் யார் என்று கேளுங்கள்.* அடையாள அட்டை பார்ப்பது அவமரியாதை இல்லை. பி.பி. பார்க்க வருகிறவர் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையோ ஏ.டி.எம். பின் நம்பரையோ கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

• *உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள்.* வீட்டில் எல்லோருக்கும் ஒரே நம்பர் என்றால், மருமகளின் ரிப்போர்ட் மாமனார் போனுக்குப் போகும். மகனின் மனநல மெசேஜ் அப்பாவுக்குப் போகும். தனி நம்பர் இருந்தால் அதையே கொடுங்கள்.

• *ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.* 'நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்க' என்று குடும்ப குரூப்பில் போடும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பெயர், வயது, நம்பர் எல்லாம் இருக்கும். நம் தகவலை அதிகம் கசியவிடுவது சில நேரம் நாம்தான்.

• *உங்கள் பதிவேட்டைக் கேட்டுப் பெறுங்கள்.* மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவேட்டை டாக்டர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

• *சந்தேகம் இருந்தால்:* தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். ஆபா தொடர்பான கேள்விகளுக்கு 14477.

களப்பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை

வெயிலில் வீடு வீடாக நடப்பவர்கள் மேல் பழி போடுவது எளிது. அவர்களுக்கு ஒரு நாளில் முடிக்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. ஆனால், மார்பகக் கட்டி பற்றிய கேள்வியைத் திண்ணையில் சத்தமாகக் கேட்பதற்கும், "அக்கா, ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க" என்று சமையலறை வரைக்கும் போய் மெதுவாகக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்களுக்கு இது தெரியும். பயிற்சியில் பி.பி. மெஷின் பிடிக்கச் சொல்லித் தருவது போலவே இதையும் சொல்லித் தரலாம்.

வாசல்காரருக்கும் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பெண் பி.பி. பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடிக்கும்போது, மகன் எழுந்து உள்ளே போய்விட்டான். எதிர்வீட்டு அம்மாவும் கதவைச் சாத்திவிட்டார். "ஏம்மா, முன்னாடி ஒண்ணு கேட்டியே, அதைத் திருத்த முடியுமா?" என்று அவர் கேட்டால் போதும். போனில் ஒரு டிக் மாறும், 4 என்பது 5 ஆகும். அடுத்த வாரப் பரிசோதனைப் பட்டியலில் அவர் பெயர் மேலே வந்துவிடும்.